குமார் அண்ணனின் நெஞ்சுப் படம்

1

என் அப்பாவின் நுரையீரல் நன்றாக இருந்தது என்று கடிதம் வந்திருக்கிறது.

ராட்டர்டாமில் தபால்காரர் கதவைத் தட்டுவதில்லை. கதவிலிருக்கும் பிளவு வழியே தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிலாவுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அந்த உறை வந்து விழுந்தது. நிலா என் மகள், ஐந்து வயது. ஓடிப்போய் எடுத்தாள். உறையின் மேல் அச்சிட்டிருந்த கப்பலை விரலால் தொட்டு டச்சு மொழியில் அதன் பெயரைச் சொன்னாள்.

"கப்பல்னு சொல்லு" என்றேன்.

"அது உன் வார்த்தை" என்று டச்சிலேயே சொல்லிவிட்டு மற்றொரு ஷூவைத் தானே மாட்டிக்கொண்டாள். சண்டை போட நேரமில்லை. டிராமுக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது.

டிராமில் நின்றுகொண்டே படித்தேன். 'அன்புள்ள திரு. பெரியசாமி' என்று ஆரம்பித்தது. பெரியசாமி என் தாத்தா, செத்துப் பதினெட்டு வருடமாகிறது. அப்பாவின் பெயர் தங்கராசு. இவர்களுடைய படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் உண்டு; இரண்டாவது கட்டத்தில் எது இருக்கிறதோ அதுதான் ஆள். மூன்று முறை எழுதிச் சொன்னேன். மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டுத் தாத்தாவுக்கே பதில் போட்டார்கள்.

விஷயம் இதுதான். வளைகுடாக் கடற்கரை ஒன்றில் எண்ணெய்க் கப்பல் உடைந்து எண்ணெய் சிந்தியது. அதை அள்ளப்போன கூலியாட்களில் அப்பாவும் ஒருவர். அள்ளியவர்களில் நோயாளியானவர்களுக்கு மருத்துவ இழப்பீடு தருகிறோம் என்று கப்பல்காரர்களும் அவர்களுக்குக் காப்பீடு செய்தவர்களும் சேர்ந்து இங்கேயே ஓர் அலுவலகம் திறந்தார்கள். நாங்கள் விண்ணப்பித்தோம். ஏற்றுக்கொண்டால் சாகும்வரை அவருடைய சிகிச்சை அவர்கள் பொறுப்பு. இப்போது எழுதியிருக்கிறார்கள்: 'எண்ணெய் சிந்திப் பத்து மாதங்களுக்குப் பிறகு எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் தங்கள் நுரையீரல்கள் தெளிவாக உள்ளன. ஆகவே தற்போதைய நோய்க்கும் அந்தச் சம்பவத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கருத இயலவில்லை. முப்பது நாட்களுக்குள் தாங்கள் மறுப்புத் தெரிவிக்கலாம்.'

அந்த எக்ஸ்ரே எனக்குத் தெரியும். அது அப்பாவின் நெஞ்சு அல்ல என்றும் தெரியும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போதே கேட்டிருப்பீர்கள்: 'பொண்ணு ஃபாரின்ல இருக்கு, அப்பனுக்கு வைத்தியம் பாக்க வெள்ளைக்காரன்கிட்ட ஏன் கெஞ்சணும்?' கல்யாண வீடுகளில் என் அம்மாவிடம் கேட்பவர்கள்தானே நீங்கள். நான் கெஞ்சவில்லை. அப்பாவின் நெஞ்சைக் கெடுத்தவன் அதைக் கெடுத்தேன் என்று தாளில் எழுத வேண்டும். மருந்துக்கு நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஒரு வரியை என்னால் அனுப்ப முடியாது.

2

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் விடியற்காலை லாரி வந்தது. துறைமுகத்தில் சிமெண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களை ஏற்றிக் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். கடல் கறுப்பாக இருந்தது, அலையே எழும்பவில்லை என்றார். மண்வெட்டி கொடுத்தார்கள், வாளி கொடுத்தார்கள். மூக்குக்குக் கொடுத்தது காகிதத்தில் செய்த முகமூடி, ஒரு மணி நேரத்தில் ஊறிக் கிழிந்துவிட்டது.

"மேஸ்திரிங்க மூஞ்சில ரெண்டு பக்கமும் டப்பா தொங்குச்சு பாப்பா. பூட்டு போட்ட மாதிரி. நாங்க துண்ட கட்டிக்கிட்டோம். நம்ம சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வாங்குனேனே, அந்த ஈரிழைத் துண்டு. அலசி அலசிக் கட்டுனேன். கறை போவல."

"தலைவலிக்குதுன்னு சொல்லலையா?"

"சொன்னோம். சாயங்காலம் ஆளுக்கு ஒரு பால் பாக்கெட் குடுத்தான். பால் குடிச்சா நெஞ்சுல இருக்கறது எறங்கிருமாம்."

பத்தொன்பது நாள் அள்ளினார்கள். இருபதாம் நாள் மறுபடி சிமெண்டு மூட்டை. மருத்துவர் யாரும் வரவில்லை. யாருக்கும் சீட்டு எழுதவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துக்கு ஒரே மருத்துவ ஆதாரமாக அந்த எக்ஸ்ரே நிற்கிறது.

பத்து மாதம் கழித்து, ஒப்பந்தம் முடிந்து, அப்பா இருமிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே போகும் ரயிலை வேடிக்கை பார்ப்பதுபோல நடித்தார். அன்று அந்தப் பக்கம் ரயிலே போகவில்லை.

3

எங்கள் வீடு மேலூர் ரோட்டில், வாழைத்தோட்டங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. கோயில் பக்கத்து வீதிகளில் இருப்பவர்களுக்கு அது ஸ்ரீரங்கமே இல்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அம்மாவுக்குக் கைநாட்டு. அப்பா கையெழுத்துப் போடுவார். நான் சொல்லிக்கொடுத்த ஐந்து எழுத்து.

ஆறாம் வகுப்பிலிருந்தே தெருவுக்கே படிவம் நிரப்பியவள் நான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், கேஸ் இணைப்பு, வங்கியில் பணம் எடுக்கும் சீட்டு. சாயங்காலம் ஸ்கூல் பை இறக்குவதற்குள் ஆட்கள் நிற்பார்கள். 'மலரு, இத கொஞ்சம் எழுதிக்குடு.' தெரிந்ததை எழுதுவேன். தெரியாத கட்டத்தில் எது எழுதினால் வேலை நடக்குமோ அதை எழுதுவேன். பிறந்த தேதி தெரியாத கிழவிக்கு ஒரு தேதி கொடுப்பேன். வயது குறைவான மாப்பிள்ளைக்கு இரண்டு வயது கூட்டுவேன். யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. பெருமையாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெருமை முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இருமிக்கொண்டு வந்த அந்த வருடம் எனக்கு இங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா வேலையில் இருந்தால்தான் வங்கி கடன் கொடுக்கும். கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயார், ஆனால் 'மெடிக்கல்' தேற வேண்டும். வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. கடைசியில் பாஸ்போர்ட் எண்ணுக்கு நேரே 'ஃபிட்' அல்லது 'அன்ஃபிட்'.

ஏஜென்ட் அலுவலகம் பாலக்கரையில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அப்பா படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சு வராமல் கையை மட்டும் ஆட்டினார். ஏஜென்ட் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. இருவது படி ஏறுனதுக்கே இப்படி இழுக்குது. படம் எடுத்தா அன்ஃபிட்டுன்னு அடிச்சிருவான். ஒருதடவ அடிச்சிட்டா அப்பறம் அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்க முடியாது."

"வேற வழி இருக்குங்களா?" என்று கேட்டது நான். அப்பா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ரத்தம் அவரே குடுக்கட்டும். படத்துக்கு மட்டும் வேற ஆள அனுப்புங்க. அங்க நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், மூஞ்சியப் பாக்க மாட்டான். உடம்புவாகு ஒத்துவரணும், அவ்வளவுதான். சொந்தத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன்.

பெரியப்பா மகன் குமார் அண்ணன். முசிறியில் வாழைத்தாரை லாரியில் ஏற்றும் வேலை. நான் போன் செய்த மறுநாளே முதல் பஸ் பிடித்து வந்தார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'மூச்சுத் திணறல் உண்டா?' இல்லை. 'நீடித்த இருமல்?' இல்லை. பெரிய எழுத்தில், அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

எக்ஸ்ரே அறையிலிருந்து குமார் அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"மூச்ச இழுத்துப் புடிங்கன்னான். நான் புடிச்ச புடியில 'போதும், விடுங்கண்ணே'ன்னு அவனே கெஞ்சுறான். சித்தப்பா, உங்க நெஞ்சு சூப்பரா இருக்காம். இன்னும் நாப்பது வருஷம் ஓடுமாம்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டோம். அண்ணன் முசிறி பஸ்ஸில் ஏறிப் போனார்.

அப்பா மறுபடி போனார். நான் இங்கே வந்தேன்.

4

பதினான்கு மாதம் தாங்கினார். பிறகு கிடங்கில் மயங்கி விழுந்து, விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். திருச்சி பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது இரண்டு நுரையீரலிலும் கீழ்ப்பாதி தழும்பாகிக் கிடந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பீடி எத்தன வருஷமா?"

அப்பா பீடியைத் தொட்டதில்லை. "இல்லீங்க, எண்ணெ அள்ளுனேன்" என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு 'புகைப்பழக்கம்: மறுக்கிறார்' என்று எழுதினார். இல்லை என்று எழுதவில்லை, மறுக்கிறார் என்று எழுதினார். அதற்கடுத்த தனியார் டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து அடுத்தவர். கட்டம்போட்ட கைலியும் கறுத்த உதடும் உள்ள ஆள் பீடி குடிக்காமல் எப்படி இருப்பான்? தெருவிலும் அதே பேச்சுதான். 'அங்க போயி கண்டதையும் பழகிக்கிட்டு வந்துட்டாரு.' இதைச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு முதியோர் பென்ஷன் வாங்கிக்கொடுத்தது என் கையெழுத்து.

இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு. படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குப் போக நடுவில் ஒரு முறை உட்கார வேண்டும், அதற்கு அம்மா ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். ஆக்ஸிஜன் மெஷின் ஓடும்போது வீட்டில் டிவி சத்தம் கேட்பதில்லை. கரண்ட் போனால் அம்மா விசிறுகிறார். விசிறினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். "தெரியும்டி. சும்மா எப்படி உக்காந்திருக்கறது?" என்கிறார்.

இழப்பீடு பற்றிய செய்தியை அப்பாவோடு அள்ளிய புதுக்கோட்டைக்காரர் ஒருவர்தான் வாட்ஸப்பில் அனுப்பினார். நான் விண்ணப்பித்தேன். அந்தப் பழைய எக்ஸ்ரேயை நான் சேர்க்கவில்லை. அது எங்கோ புதைந்துவிட்டது என்று நம்பினேன். கம்பெனி தன் கோப்பிலிருந்து எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிட்டது. ஒரு கூலியாளின் காகிதத்தை இத்தனை வருடம் இவ்வளவு பத்திரமாக அவர்கள் வைத்திருந்தது அந்த ஒரு முறைதான் இருக்கும்.

5

கடிதம் வந்த அன்றே மறுப்பு எழுத உட்கார்ந்தேன். பால் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அறிக்கை எழுதுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. ஆறு பக்கம் எழுதினேன். ஆரம்பநிலைப் பாதிப்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், ஸ்கேன்தான் நம்பகமானது, ஆகவே அந்தப் படத்தைக் கொண்டு முடிவெடுப்பது தவறு. ஒவ்வொரு வரியும் தனியாக எடுத்தால் சரி.

என் கணவர் செந்தில் படித்துப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்க. எனக்கே நம்பணும்போல இருக்கு" என்றார். "ஆனா அது மாமா படமே இல்லையே?"

"அத எழுதினா போலி ஆவணம்னு மொத்தத்தையும் தள்ளிடுவான்."

"அது மட்டுமா காரணம்?"

நாங்கள் இந்த நாட்டின் குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நன்னடத்தை பற்றிய படிவத்தில், எங்கும் எப்போதும் பொய் ஆவணம் கொடுத்ததில்லை என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டிருந்தேன். எது எழுதினால் வேலை நடக்குமோ அதை எழுதிப் பழகிய கை.

மறுநாள் இழப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, கோப்பு எண்ணைச் சொல். கடைசியில் ஒரு பெண் வந்தாள், இனிமையான குரல். என் டச்சு தடுமாறியதும் தானாக ஆங்கிலத்துக்கு மாறினாள். இந்த நாட்டில் எனக்குப் பிடிக்காத மரியாதை அது. எக்ஸ்ரேயின் பிரதி கேட்டேன். ஒரு வாரத்தில் மின்னஞ்சலில் வந்தது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நுரையீரல் சுத்தமாகத்தான் இருந்தது. அவர்களுடைய மருத்துவரும் அதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். நான் மேலே போனேன். இடப்பக்கக் காறை எலும்பு நடுவில் ஒடிந்து, ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறி, முண்டாகக் கூடியிருந்தது.

குமார் அண்ணன் பத்தொன்பது வயதில் வாழைத்தார் லாரியின் மேலிருந்து விழுந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முசிறியில் எலும்பு கட்டுபவரிடம் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, முட்டைப் பத்துப் போட்டு, இருபத்தோராம் நாள் மறுபடி தார் தூக்கப் போய்விட்டார். எலும்பு அப்படியே கோணலாகக் கூடிவிட்டது. சட்டை இல்லாமல் நின்றால் இன்றைக்கும் அது துருத்திக்கொண்டு தெரியும். அப்பாவுக்கு இரண்டு காறையும் நேர். அவருடைய ஸ்கேன் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு பக்கத்தையும் அழித்தேன்.

6

"சொல்லு மலரு. என்ன, அதிசயமா அண்ணன் ஞாபகம் வந்திருக்கு? யாருக்கு ஃபார்ம் நெரப்பணும்?"

குமார் அண்ணன் தோட்டத்தில் இருந்தார். பின்னால் யாரோ தார்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தோள்பட்டைக்கு ஒரு புதுப் படம் எடுத்து, அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றேன்.

தார் எண்ணும் குரல் தூரமானது; அண்ணன் தள்ளி நடந்து வந்திருக்க வேண்டும்.

"எனக்கு விசா வந்திருக்கு, தெரியுமா?"

"தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷமா ஒரு போன் இல்ல. அதே ஏஜென்ட்டுதான். அடுத்த மாசம் கெளம்பணும். நான் இத எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சா அவன் என்னிய விடுவானா? பாஸ்போர்ட்டே அவன்கிட்டதான் இருக்கு."

"அப்பா நெலம தெரியும்லண்ணே."

"தெரியும். மாசம் ரெண்டுதடவ நான்தான் போயிப் பாக்குறேன். நீயா வந்து பாக்குற?" குரல் உயரவில்லை. "சரி, ஒண்ணு கேக்குறேன். யாரு ஏற்பாடு பண்ணுனதுன்னு அங்க கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"என்ன சொல்லுவ?"

நான் யோசித்தேன். அந்த யோசனை அவருக்குக் கேட்டிருக்கும்.

"பாத்தியா? குமாரு எலும்பு வேணும், குமாரு கையெழுத்து வேணும். மலரு பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. நீ அன்னிக்கிப் போன்ல என்ன சொன்ன? 'அண்ணே, சும்மா நின்னா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்'னு சொன்ன. இப்பப் பாத்துக்க. உன் பேரச் சொல்றதா இருந்தா நான் எழுதித் தரேன். இல்லாட்டி போன வச்சிரு."

"சொல்றேன்" என்றேன்.

"சித்தப்பாவுக்காகத்தான். உனக்காக இல்ல." வைத்துவிட்டார்.

நான்காம் நாள் படம் வந்தது. அதோடு கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு வரி. எழுத்துப் பிழை ஆறு. ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை.

7

இரண்டையும் புது மறுப்போடு சேர்த்து அனுப்பினேன்; விசாரணை காணொளியில் நடந்தது. நான் ஆய்வகத்தில் அரைநாள் விடுப்புப் போட்டு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா குக்கர் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தின் பக்கம் ஒரு பெண் அதிகாரி, ஒரு மருத்துவர், ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், பெரியவர். "வணக்கம் ஐயா, நான் கதைக்கிறது விளங்குதோ?" என்றார். அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார்.

மருத்துவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்தது. எலும்பைத் தான் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இது குறித்துக்கொள்ளப்பட்டது' என்றார்.

அதிகாரி கேட்டார்: "இந்த ஆள்மாறாட்டத்தை ஏற்பாடு செய்தது யார்?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"நான்தாங்கய்யா. எல்லாம் நான்தான். எம்பொண்ணு அப்ப காலேஜுக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் படிக்காதவன், ஏஜென்ட்டு சொன்னான், செஞ்சுட்டேன்."

முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள் என்று. தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பொய்யை அப்போதே தயார் செய்திருக்க வேண்டும், அவ்வளவு கோர்வையாக வந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அந்தத் தட்டச்சுச் சத்தம் முடியும்வரை நான் சும்மா இருந்திருந்தால் போதும். எனக்கு எல்லாம் கிடைத்திருக்கும்.

"என் தந்தை சொல்வது உண்மையல்ல" என்றேன் ஆங்கிலத்தில். "ஏஜென்ட்டிடம் வழி கேட்டது நான். ஆளை வரவழைத்தது நான். அந்தப் படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. ஒப்பிட்டுப் பார்க்க இப்போதே எழுதிக் காட்டுகிறேன்."

மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைச் செய்தார். நான் சொன்னதை வரி விடாமல் அப்பாவுக்குத் தமிழில் சொன்னார்.

"பொய் சொல்றா!" என்று அப்பா கத்தினார். "அவகிட்ட கேக்காதீங்க, எங்கிட்ட கேளுங்க! ஏய், உன்ன எதுக்குடி படிக்க வச்சேன்? வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா உனக்கு?" அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. அம்மாவின் கை குறுக்கே வந்து போன் கவிழ்ந்தது. எங்களுக்கு வீட்டுக் கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் தயங்கிவிட்டு, அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்ல வேண்டும் என்பது விதி.

"இதைக் கோப்பில் பதிய வேண்டுமா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"எல்லாவற்றையும் பதியுங்கள். இந்த இருமலையும் சேர்த்து" என்றேன்.

8

மூன்று வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா போனை எடுப்பார். "சாப்ட்டாரு, தூங்குறாரு" என்பார். பக்கத்திலேயே மெஷின் சத்தமும் அவர் தொண்டையைச் செருமுவதும் கேட்கும்.

குடியுரிமை அலுவலகத்துக்கு நானே ஒரு கடிதம் போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட அந்த வரி பொய் என்று.

"யாரு கேட்டா இப்ப இத?" என்றார் செந்தில்.

"யாரும் கேக்கல."

அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போனார். குடியுரிமை அலுவலகத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. வரும்போது எப்படி வரும் என்று எனக்கு ஆசை வார்த்தை சொல்ல வேண்டாம். குமார் அண்ணனின் விசா போய்விட்டது. ஏஜென்ட்டுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கப் பாலக்கரைக்கு நான்கு நடை நடந்தார் என்று அம்மா சொன்னார். அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. அது நியாயம்.

பிறகு முடிவு வந்தது. இந்த முறை 'அன்புள்ள திரு. தங்கராசு'. அந்த எக்ஸ்ரே கணக்கில் எடுக்கப்படாது. பெரியாஸ்பத்திரி ஸ்கேனையும் உடன் வேலை செய்த இருவரின் வாக்குமூலத்தையும் வைத்து நோய் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. சிகிச்சையில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது. உடல்நலத்தை மறைத்து மறுபடி வேலைக்குப் போனதால் கூடிய பாதிப்புக்கு அவர்கள் பொறுப்பல்ல. அந்த மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. அதை அவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்தேன். அப்பாவே எடுத்தார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு. வைத்தியம் பாக்கறாங்க. முழுசா இல்ல, மூணுல ரெண்டு பங்கு."

"அது கெடக்கட்டும். எதனால வந்துச்சுன்னு போட்டுருக்கா?"

கோப்பைத் திறந்து, நோயின் காரணம் என்ற கட்டத்துக்கு நேரே இருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன். "'கடலில் சிந்திய கச்சா எண்ணெயைப் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் அள்ளியதால்.'"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பீடின்னு எங்கயாச்சும் இருக்கா?"

"எங்கயும் இல்லப்பா."

"திரும்பப் படி."

படித்தேன். போனைத் தள்ளிப்பிடித்து அம்மாவிடம், "சரோஜா, கேட்டியா?" என்றார். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார். படித்தேன். மூச்சுச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் ஆனது.

"யாரு எண்ணென்னு போட்டுருக்கா? கப்பலு பேரு, கம்பெனி பேரு?"

இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எங்கும் இல்லை. கடலில் எண்ணெய் தானாகச் சிந்தியிருந்தது.

"போடலப்பா."

"எம்பேரு முழுசாப் போட்டுருக்கான்ல?"

"போட்டிருக்கான்."

"அப்ப அவன் பேரையும் போடச் சொல்லு. எழுது."

நிலாவை எழுப்பிப் பள்ளிக்குக் கிளப்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கோப்பு எண்ணை மேலே எழுதி ஆரம்பித்தேன்.